எண்பதாவது முழுக்கில் கேட்ட சத்தம்

2022 ஜூலை 15. வட அட்லாண்டிக் கடலின் அடியில் டைட்டானிக் கிடக்கும் இடத்துக்குப் போய்விட்டு 'டைட்டன்' என்ற ஆழ்கடல் கலம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது, எதுவோ படாரென்று வெடித்த மாதிரி. கலம் பத்திரமாக மேலே வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கலத்தின் உடல் அதைத் தாங்கும் சட்டத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும், அந்தச் சத்தம்தான் என்று விளக்கம் சொல்லப்பட்டது.

அது டைட்டனின் எண்பதாவது முழுக்கு. எண்பத்தெட்டாவது முழுக்கில், 2023 ஜூன் 18 அன்று, அது கடலுக்குள்ளேயே நொறுங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள்.

அந்த விபத்தைப் பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடத்திய விசாரணையின் சாட்சியங்களையும் அறிக்கையையும் ராத்திரி வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். எங்கே ஆரம்பித்தாலும் இந்த எண்பதாவது முழுக்கில் வந்து நின்றுவிடுகிறேன். காரணம் என் தொழில். பாய்லர், அழுத்தக் கலன், ரசாயனத் தொட்டி இவற்றைச் சோதித்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கடலுக்கடியில் போகிற கலம் எதையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் பாய்லரில் அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது, அங்கே வெளியேயிருந்து உள்ளே நெருக்குகிறது. திசைதான் வேறு. உலோகமும் ரெசின் என்னும் பிசினும் மனிதர்களும் ஒன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. ஆசிட் நிரப்பி வைக்கும் எஃப்.ஆர்.பி. டேங்க் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகச் சுற்றி, காயவைத்துச் செய்யும் தொட்டி. வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தது. கனத்தை அளந்தேன், சரி. தாள்களைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். "சார், ஒரு நிமிஷம். ஒத்த ரூபா காசு இருந்தா குடுங்க" என்றார்.

கொடுத்தேன். காசின் விளிம்பால் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று ஒரே சீராகக் கேட்டது. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. டொப். மறுபடியும் டொப். "இங்க பாருங்க, சத்தம் செத்துப் போவுது" என்றார். காதை வைத்துக் கேட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், அங்கே மட்டும் அடித்தால் ஓசை எழும்பவில்லை. சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். பட்டறை முதலாளிக்குக் கோபம். "இதே மாதிரி இருபது டேங்க் போயிருக்கு, ஒரு புகார் வந்தது கிடையாது" என்று மறுபடி மறுபடி சொன்னார். கடைசியில் அந்த இடத்தை அறுத்து எடுத்தோம். அறுத்த துண்டைக் கையில் வாங்கி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். வாழைமட்டை உரிவது போல அடுக்கு தனியாக வந்துவிட்டது. நடுவில் ரெசின் பிடிக்கவே இல்லை. வெளியிலிருந்து எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

அடுக்குப் பிரிதல் என்பது இதுதான். டைட்டன் விஷயத்தில் விசாரணை அதிகாரிகள் திரும்பத் திரும்ப எழுதும் வார்த்தையும் இதுதான். அதனால்தான் அந்த அறிக்கையைப் படிக்கும்போது என் விரல்நகத்தில் அந்த ஈரப்பிசுக்கு இன்னும் இருப்பது போலத் தோன்றுகிறது.

டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் நாம் தரையில் சுமக்கும் காற்றழுத்தத்தைப் போல இன்னொரு பங்கு கூடுகிறது. அப்படியானால் டைட்டானிக் ஆழத்தில் ஏறக்குறைய 380 பங்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 390 கிலோ. அந்த மேஸ்திரி தட்டிய ரூபாய்க் காசை அங்கே வைத்தால் அதன் ஒரு பக்கத்தின் மேல் மட்டும் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடை உட்காரும். ஒரு கார் முழுசாக ஒரு காசின் மேல். கலத்தின் உடம்பில் இண்டு இடுக்கு விடாமல் எல்லா இடத்திலும், ஒரு நொடி ஓயாமல், இதே எடை.

இப்படி எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கும் அழுத்தத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வடிவம் ஒன்றே ஒன்றுதான், உருண்டை. ஆழ்கடலுக்குப் போன கலங்கள் பெரும்பாலும் உருண்டைக்குள்தான் ஆட்களை உட்கார வைத்தன. 1960 ஜனவரி 23 அன்று மரியானா அகழியின் அடிமட்டத்துக்கு ழாக் பிக்காரும் டான் வால்ஷும் போன 'ட்ரியெஸ்ட்' கலத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தது இரும்பு உருண்டைக்குள். அமெரிக்காவின் 'ஆல்வின்' 1964-இலிருந்து வேலை செய்கிறது. முதலில் இரும்பு உருண்டை, 1973-இல் டைட்டானியம் உருண்டைக்கு மாறினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை இறங்கி ஏறியிருக்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை அதை எலும்புக்கூடு வரை கழற்றி, ஒவ்வொரு பாகமாகச் சோதித்து, மறுபடி பூட்டுகிறார்கள். ஐயாயிரம் தடவை போனதால் அது பத்திரம் என்று யாரும் அங்கே சொல்வதில்லை. ஐயாயிரம் தடவை போனதால்தான் கழற்றிப் பார்க்கிறார்கள்.

உருண்டையில் ஒரு தொல்லை. இடம் போதாது. இரண்டு மீட்டர் விட்டத்துக்குள் மூன்று பேர் காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவுதான். இருவர் அல்லது மூவரில் ஒருவர் ஓட்டுநர். பயணிகளை ஏற்றிப் பணம் பார்க்க நினைக்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது. ஓஷன்கேட் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டாக்டன் ரஷ் இங்கேதான் வேறு வழியில் போனார். ஐந்து பேர் உட்காரும் உருளை. ஒரே கனமுள்ள சுவரில், உருளையைச் சுற்றி ஏறும் நெருக்கம் உருண்டையில் ஏறுவதைப் போல இரண்டு மடங்கு. அதை இரும்பிலோ டைட்டானியத்திலோ செய்தால் கனம் கூடும், கனம் கூடினால் மிதக்க வைக்கத் தனியாக நிறையப் பொருள் சேர்க்க வேண்டும், தூக்கி இறக்கப் பெரிய கப்பல் வேண்டும், செலவு ஏறும். அதனால் ஐந்து அங்குலக் கனத்தில் கார்பன் ஃபைபர் உருளை. இரண்டு முனையிலும் டைட்டானியம் வளையம், அதில் டைட்டானியத்தில் அரைக்கோள மூடி. கார்பன் ஃபைபரையும் டைட்டானியத்தையும் சேர்த்தது எபாக்ஸிப் பசை.

கார்பன் ஃபைபர் மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. விமானத்தில் இருக்கிறது, பந்தயக் காரில் இருக்கிறது. அதன் பலம் இழுவிசையில். தேர்வடத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் இழுத்தாலும் தாங்கும். அதே வடத்தை வைத்துத் தேரைப் பின்னாலிருந்து தள்ள முடியுமா? இழையை நெருக்கும்போது அது மடங்கப் பார்க்கும். மடங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியுள்ள ரெசின். விமானத்தின் உடல் உள்ளேயிருந்து ஊதப்பட்ட பலூன் மாதிரி, அங்கே இழை இழுபடுகிறது. ஆழ்கடல் கலத்தில் இழை நெருங்குகிறது. அப்போது மொத்த பாரமும் ரெசினின் ஒழுங்கிலும், அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் ஒழுங்கிலும் போய் நிற்கிறது. ஒரு இடத்தில் காற்றுக்குமிழ், ஒரு இடத்தில் சுருக்கம் இருந்தால் போதும், அங்கிருந்து பிரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு முழுக்கிலும் இன்னும் கொஞ்சம்.

டைட்டனுக்குச் செய்த முதல் உருளை 2019-இல் விரிசல் விட்டது. பஹாமாஸில் சோதனை முழுக்குகள் முடிந்தபின் கண்ணுக்கே தெரியும் விரிசல். அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவது உருளை செய்தார்கள். அதற்கு முன்னும் நடுவிலும், மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிகள் சோதனைத் தொட்டியில் எதிர்பார்த்ததற்கு முன்பே நொறுங்கியிருந்தன. இரண்டாவது உருளையை ஒரே மூச்சில் சுற்றாமல், ஒவ்வொரு அங்குலமாகச் சுற்றி, சூட்டில் இறுகவைத்து, மேலே எழுந்த சுருக்கங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் அடுத்த அங்குலம் என்று ஐந்து அடுக்காகக் கட்டினார்கள். சுருக்கத்தோடு இஸ்திரி போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே எழுந்த மடிப்பை அராவி எடுத்தால், மேற்பரப்பு சமமாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் ஓடிய இழை வெட்டுப்பட்டுவிடுகிறது. கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளையும், உருளை செய்தபோது மிஞ்சிய துண்டுகளையும் ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியப் பொறியாளர் சுருக்கம், நுண்துளை, வெற்றிடம் எல்லாம் இருந்ததை 2024 செப்டம்பரில் நடந்த பொது விசாரணையில் விவரமாகச் சொன்னார். கடலடியில் கிடைத்த உருளைத் துண்டுகள் அந்த அங்குலக் கணக்கிலேயே அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வாழைமட்டைதான் நினைவுக்கு வந்தது.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். கார்பன் ஃபைபர் கலம் ஆழத்தில் சத்தம் போடும் என்பது ஓஷன்கேட்டில் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரலில் பஹாமாஸில் ரஷ்ஷோடு முதல் உருளையில் இறங்கிய கார்ல் ஸ்டான்லி சொந்தமாக நீர்மூழ்கிகளைக் கட்டி ஓட்டுகிறவர். இறங்கும் வழியெல்லாம் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்று அவர் கரைக்கு வந்ததும் ரஷ்ஷுக்கு எழுதினார். உடலில் ஏதோ ஒரு இடத்தில் குறை இருக்கிறது, அது வளர்கிறது என்று எச்சரித்தார். ரஷ்ஷின் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இருந்தது. புது உருளை 'பழகுகிறது', பலவீனமான இழைகள் முதலில் அறுந்து போகும், அப்புறம் சத்தம் அடங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. புதுப் பானையைப் பழக்குவது போல, புதுக் கல்லைப் பழக்குவது போல. தோசைக்கல் பழகும், உண்மைதான். ஆனால் அறுந்த இழை மறுபடி சேராது. அடுத்த தடவை சத்தம் குறைவாகக் கேட்பதற்குக் காரணம் கலம் தேறிவிட்டது என்பதல்ல, அறுபட வேண்டியவை ஏற்கெனவே அறுந்துவிட்டன என்பதுதான்.

சத்தத்தைக் கேட்பதற்காகவே உருளையின் உள்ளே சென்சார்கள் ஒட்டியிருந்தார்கள். ஒலியைப் பதிவு செய்ய ஒரு வகை, உடல் எவ்வளவு நெளிகிறது என்று அளக்க இன்னொரு வகை. ஆபத்து வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், கலத்தைக் கீழே இழுக்கும் எடைகளைக் கழற்றிவிட்டு மேலே வந்துவிடலாம் என்பதுதான் ரஷ்ஷின் பெரிய வாதம். நிறுவனத்தின் கடல்பணி இயக்குநராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ் 2018 ஜனவரியில் இதை எதிர்த்து எழுத்தில் அறிக்கை கொடுத்தார். உருளையை உடைக்காமல் உள்ளே ஊடுருவிப் பார்க்கும் சோதனை எதுவும் செய்யவில்லை, இந்த ஒலிக் கருவி எச்சரிக்கும்போது நொறுங்குவதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கே மிச்சம் இருக்கலாம், அப்போது எச்சரித்து என்ன பயன் என்று கேட்டார். அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுத்தார். நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட்டது. வழக்குச் செலவு, அலைச்சல், கடைசியில் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டார்கள், புகாரும் அதோடு போனது. அதே வருஷம் மார்ச்சில் நீர்மூழ்கித் துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து, இந்தச் 'சோதனை முயற்சி' பெருவிபத்தில் முடியலாம் என்று ரஷ்ஷுக்குக் கடிதம் தயாரித்தார்கள்.

லாக்ரிட்ஜின் சாட்சியத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் செய்தது எங்கள் வேலை. தட்டிப் பார்த்து, "இங்கே சத்தம் செத்துப் போகிறது" என்று சொல்வது. அந்த மேஸ்திரி சொன்னபோது முதலாளி கத்தினார், ஆனால் கடைசியில் தொட்டியை அறுத்தோம். ஏன் அறுக்க முடிந்தது? எனக்குச் சம்பளம் கொடுத்தது அந்த முதலாளி இல்லை. நான் கையெழுத்துப் போடாவிட்டால் லாரி நகராது. மேஸ்திரியின் காதும் என் கையெழுத்தும் அன்றைக்குச் சேர்ந்துகொண்டன. லாக்ரிட்ஜுக்குக் காது இருந்தது, கையெழுத்து இல்லை.

கப்பல் உலகில் அந்தக் கையெழுத்து பழைய ஏற்பாடு. லண்டனில் 1760-இல் தொடங்கிய லாய்ட்ஸ் ரெஜிஸ்டர், நார்வேயின் டி.என்.வி., அமெரிக்காவின் ஏ.பி.எஸ்., நம் நாட்டில் இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் என்று வகைப்படுத்தல் சங்கங்கள் இருக்கின்றன. வரைபடம் போடும்போதே அவர்களுடைய ஆள் வருவார். தகடு வரும்போது வருவார், பற்றவைக்கும்போது வருவார், தண்ணீர்ச் சோதனையில் நிற்பார், ஓட ஆரம்பித்தபின் வருஷாவருஷம் வருவார். ஆட்களை ஏற்றும் ஆழ்கடல் கலங்களும் இப்படித்தான் சான்று வாங்குகின்றன. 2018 கடைசியில் தொடங்கி 2019-க்குள் அமெரிக்கர் விக்டர் வெஸ்கோவோ ஐந்து பெருங்கடல்களின் அடிமட்டத்துக்கும் போய்வந்தாரே, அந்தக் கலம் டி.என்.வி. சான்று பெற்றது. அதுவும் அதுவரை யாரும் செய்யாத புது முயற்சிதான். டைட்டன் எந்தச் சங்கத்தின் சான்றும் வாங்கவில்லை. எந்த நாட்டிலும் பதிவும் செய்யவில்லை. முழுகியது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில். 2,50,000 டாலர் கட்டியவர்களைப் பயணிகள் என்று சொல்லாமல் 'பணி நிபுணர்கள்' என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். பயணி என்று எழுதினால் சட்டம் வரும்.

ரஷ்ஷின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான விபத்துகள் ஓட்டுகிறவர் தவறால் வருகின்றன, சான்றிதழ் அதைத் தடுக்காது என்றார். ஒவ்வொரு புதுமையையும் வெளியாருக்குப் புரியவைத்துக்கொண்டிருந்தால் புதுமையே செத்துவிடும் என்றார். இதில் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விதிப்புத்தகம் புதுப் பொருளுக்குப் பின்னால்தான் ஓடிவரும், நானே பார்த்திருக்கிறேன். அவர் ஆளை ஏமாற்றிக் கடலில் தள்ளிவிட்டுக் கரையில் நின்றவரும் இல்லை. அவரே ஓட்டினார், அவரே இறந்தார். அவர் நம்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலையே அந்த நம்பிக்கையைப் பற்றித்தான். பட்டறை முதலாளியும் நம்பினார். இருபது டேங்க் போயிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று மனதார நம்பினார். டைட்டன் பத்துக்கும் மேற்பட்ட தடவை டைட்டானிக்கைத் தொட்டுவிட்டு வந்திருந்தது. அடுக்குப் பிரியும் பொருளில் ஒவ்வொரு வெற்றியும் கணக்கில் ஒரு கழித்தல். அதை ஒருத்தர் கூட்டலாக எண்ணினால், பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க இன்னொருத்தர் வேண்டும்.

எண்பதாவது முழுக்குக்குத் திரும்புகிறேன். அன்றைய சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது மட்டுமில்லை, சென்சார்களிலும் பதிவானது. அதற்குப் பிறகு நடந்த முழுக்குகளில் உருளை நெளிகிற அளவு முன்பு போல இல்லை, மாறிவிட்டது. அந்த மாற்றம் நிறுவனத்தின் கணினியிலேயே இருந்தது. எச்சரிக்கை செய்யும் என்று ரஷ் உலகத்துக்கெல்லாம் சொல்லிவந்த கருவி, உண்மையிலேயே எச்சரித்தது. கடைசி நொடியில் இல்லை, பதினொரு மாதம் முன்பே. ஒரு சோதனை ஆளாக எனக்கு மேலே ஏறும்போது வந்த சத்தம்தான் அதிகப் பயம் தருகிறது. பாரம் ஏறும்போது முறிவது ஒரு வகை. பாரம் இறங்கும்போது முறிந்தால், உள்ளே எதுவோ இழுபட்ட நிலையில் மாட்டிக்கொண்டிருந்து விடுபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பேன். என் கையில் அதிகாரம் இருந்தால் அன்றைக்கே கலத்தைக் கரையேற்றி, உள்பக்கப் பூச்சை எடுத்து, அங்குலம் அங்குலமாக அல்ட்ராசோனிக் ஒலிச் சோதனை போட்டிருப்பேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. சில நாட்களில் மறுபடி இறக்கினார்கள். அந்தப் பருவம் முடிந்ததும், 2022-23 குளிர்காலம் முழுக்கக் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் துறைமுக நகரில், திறந்தவெளியில், மூடாக்கு இல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். பனி பெய்யும் ஊர். பிரிந்த அடுக்குக்குள் ஈரம் இறங்கி உறைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது. உறையும் தண்ணீர் ஆப்பு மாதிரி.

கடைசி முழுக்கில் உள்ளே இருந்த ஐவரில் போல்-ஆன்ரி நார்ஜோலேவைப் பற்றித்தான் நிறைய யோசிக்கிறேன். எழுபத்தேழு வயது. பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தவர். டைட்டானிக்குக்கு அவரளவு போனவர்கள் அபூர்வம். 1987-இல் அவர் அங்கே போனது 'நாட்டில்' என்ற பிரெஞ்சுக் கலத்தில். 1984-இல் கட்டியது, டைட்டானியம் உருண்டை, மூன்று பேர், 6,000 மீட்டர் வரை. இன்றைக்கும் ஓடுகிறது. அவ்வளவு தெரிந்தவர் ஏன் டைட்டனில் ஏறினார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது தெரியாது, அவரைக் குறை சொல்ல நான் யார். ஆனால் மற்றவர்கள் ஏறியதற்கு அவர் ஒரு காரணமாக இருந்திருப்பார். 'இவரே வருகிறார் என்றால்' என்ற எண்ணம் எனக்கும் வந்திருக்கும். ஒரு பெரிய மனிதரின் பக்கத்து இருக்கை சான்றிதழின் இடத்தை எடுத்துக்கொண்டது. சுலைமான் தாவூதுக்கு வயது பத்தொன்பது. அப்பா ஷாசாதாவோடு ஏறினான். அம்மா கிறிஸ்டீன்தான் போவதாக இருந்தது, மகன் ஆசைப்பட்டதால் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அவரும் மகளும் மேலே கப்பலில் இருந்தார்கள். இதற்குமேல் இதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அதே 'நாட்டில்' கலத்தில் 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ராஜு ரமேஷ் 4,025 மீட்டர். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர். நாம் கட்டிக்கொண்டிருக்கும் 'மத்ஸ்யா 6000' கலத்துக்கான பயிற்சி அது. மத்ஸ்யாவும் உருண்டைதான். உள்விட்டம் 2.1 மீட்டர், 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியக் கலவை, மூன்று பேர். முதலில் இரும்பு உருண்டை ஒன்றைச் செய்து 2021 அக்டோபரில் வங்கக் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் எண்ணூர் பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்களோடும் ஆளில்லாமலும் தண்ணீர்ச் சோதனை நடந்தது. இந்தத் திட்டம் நாள் தள்ளிப் போகும்போதெல்லாம் செய்தியின் கீழே "இன்னுமா முடிக்கவில்லை" என்று கேலி எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். 80 மில்லிமீட்டர் டைட்டானியத்தைப் பற்றவைத்து, அந்தப் பற்றில் ஊசிமுனை அளவு குறைகூட இல்லை என்று நிரூபிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை வருஷம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

2023 ஜூனில் அந்த நான்கு நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். உள்ளே 96 மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் கடிகாரம் ஓடியது. நடுவில் தேடுதல் விமானங்கள் கடலுக்குள் தட்டும் சத்தம் போல எதையோ பதிவு செய்தன. உயிரோடு இருக்கிறார்கள், உள்ளேயிருந்து தட்டுகிறார்கள் என்று எங்கள் வீட்டிலும் நம்பினோம். என் மனைவி ராத்திரி எழுந்து எழுந்து செய்தி பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கும் டைட்டனுக்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சத்தத்தை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் முதல் நாளே பதிவு செய்திருந்தன. ஜூன் 22 அன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தள்ளி, தொலைவிலிருந்து இயக்கும் கலம் ஒன்று டைட்டனின் வால்பகுதியைக் கண்டுபிடித்தது.

விசாரணையின்போது கிடைத்த ஒரு காணொளியை 2025-இல் கடலோரக் காவல்படை வெளியிட்டது. துணைக் கப்பலான போலார் பிரின்ஸில் எடுத்தது. ரஷ்ஷின் மனைவி வெண்டி கணினி முன்னால் உட்கார்ந்து, கீழே இருந்து வரும் குறுஞ்செய்திகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். எங்கோ கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம் கேட்கிறது. அவர் நிமிர்ந்து, "என்ன சத்தம் அது?" என்று கேட்கிறார். சில நொடிகளில் திரையில் டைட்டனிடமிருந்து செய்தி வருகிறது: இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டோம். சத்தத்துக்கு முன்பே கிளம்பிய செய்தி, தண்ணீரைக் கடந்து கணினிக்கு வந்து சேர அதற்கு அதிக நேரம் ஆகியிருக்கிறது. செய்தி வந்துவிட்டதே, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கப்பலில் இருந்தவர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.